கை நுழையாத இடைவெளி

நீங்களே உட்காருங்க சார். எனக்கு வேணாம். கால் ரெண்டும் நல்லாத்தான் இருக்கு, போனது வலது கை விரல். கை விரலுக்கும் நிக்கிறதுக்கும் என்ன சம்பந்தம் சொல்லுங்க.

கோவிச்சுக்காதீங்க. நல்ல மனசோடதான் எழுந்தீங்க, தெரியுது. ஆனா எனக்கு இந்த நல்ல மனசைப் பார்த்தாலே பத்திக்கிட்டு வருது. என்ன பண்றது, அப்படி ஆயிட்டேன். இதோ, பக்கத்து சீட்டு காலியாகுது. இதுல உட்கார்றேன். இது வேற, இது யாரும் எனக்காக எழுந்து குடுத்த சீட்டு இல்ல.

ஜன்னல் பக்கம் ஏன் திரும்பிக்கிறீங்க? பாருங்க சார், நல்லாவே பாருங்க. பார்த்துட்டுப் பார்க்காத மாதிரி இருக்கிறதுதான் எனக்குப் பிடிக்காது. கட்டை விரல் இருக்கு, சுண்டு விரல் இருக்கு, நடுவுல மூணு இல்ல. என் பேரு ஏழுமலை. அம்பத்தூர் எஸ்டேட்ல தகடு அடிக்கிற கம்பெனி ஒண்ணுல பவர் பிரஸ் ஓட்டிக்கிட்டிருந்தேன். பவர் பிரஸ்னா, கீழ தகட்டை வச்சுட்டுக் காலால பெடலை மிதிச்சா, மேலேருந்து டைங்கிற இரும்பு அச்சு இறங்கி ஒரே அடியில வெட்டி வளைச்சுடும். நீங்க ஓட்டுற வண்டியிலகூட நான் அடிச்ச பிராக்கெட் எங்கேயாவது இருக்கும்.

ஒரு நாள் பீஸ் உள்ள மாட்டிக்கிச்சு. எடுக்கக் கையை விட்டேன். பெடல் இறங்கிச்சு. அதுக்கு மேல அதைப் பத்திப் பேச மாட்டேன்.

ரிப்போர்ட்ல என்ன எழுதினாங்க தெரியுமா? ஆபரேட்டரின் கவனக்குறைவு. கவனக்குறைவாம்! பதிமூணு வருஷம் கவனமா இருந்தவனுக்கு அன்னைக்கு மட்டும் குறைஞ்சு போச்சாம். மாட்டின பீஸை எடுக்கக் கொக்கிக் கம்பி ஒண்ணு குடுத்திருந்தாங்க, அது உண்மை. கம்பியால எடுத்துக்கிட்டிருந்தா டார்கெட்டை யாரு முடிக்கிறது? கம்பி எடுக்காதது தப்புன்னு யாராவது சொன்னா ஒத்துக்கவே மாட்டேன். அது கைக்குத் தோதுப்படாத கம்பி.

ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்கு வந்ததும் சூப்பர்வைசர் தணிகாசலம் ஹார்லிக்ஸ் பாட்டிலோட வந்தார். "ஓனர் உன்னைக் கைவிடல ஏழுமலை. கேட்டுல வாட்ச்மேன் வேலை. அதே சம்பளம். நாற்காலி போட்டு உட்கார்ந்துக்கலாம்"னார்.

வீட்டுல இருந்தவங்க, பக்கத்து வீட்டுக்காரங்க, எல்லாரும் அவரைத் தெய்வம் மாதிரி பார்த்தாங்க. எனக்கு உடம்பெல்லாம் எரியுது. வர்ற போற காருக்கெல்லாம் இந்தக் கையைத் தூக்கி நான் சல்யூட் அடிக்கணுமா? மாட்டேன்னேன். "யோசிச்சுச் சொல்லு"ன்னார். "யோசிச்சுட்டேன் சார், மாட்டேன்"னேன்.

என் சம்சாரம் சுகுணா என் பக்கம் நிப்பான்னு நினைச்சேன். அவ என்ன சொன்னா தெரியுமா? "வாட்ச்மேனும் வேணாம், ஒண்ணும் வேணாம். அந்தக் கேட்டுக்குள்ளயே நீ இனிமே போகாத. செய்யாறுல எங்க அண்ணன் ஜெராக்ஸ் கடை வச்சிருக்கு, அங்க போயிடலாம்." பார்த்தீங்களா? கட்டின பொண்டாட்டிக்கே நம்பிக்கை இல்ல. இந்தக் கையை வச்சுக்கிட்டு இவன் கம்பெனியில என்னத்தைப் பண்ணப் போறான்னு நினைச்சுட்டா.

அந்த ஆத்திரத்துலதான் எல்லாம் ஆரம்பிச்சது.

கைக்குப் பயிற்சி குடுக்க ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துக்கிட்டிருந்தேன். திரும்பி வர்ற வழியில பிளாட்பாரத்துல ஒரு பழைய புத்தகக் கடை. செங்கல் மாதிரி தடியா ஒரு இங்கிலீஷ் புத்தகம் திறந்து கிடந்தது. திறந்திருந்த பக்கத்துல ஒரு பிராக்கெட் படம். நான் அடிச்ச பிராக்கெட்டேதான்னு சொல்ல மாட்டேன், ஆனா அதே ஜாதி. ரெண்டு ஓட்டை, ஒரு வளைவு. கம்ப்யூட்டர்ல மெஷின் பார்ட் வரைய சாஃப்ட்வேர் இருக்கே, கேட்னு சொல்வாங்களே, அதைக் கத்துக்கிறதுக்கான கைடு. கேட் காக்கச் சொன்னாங்களா, நான் கேட் படிக்கிறேன்னு வாங்கிட்டேன். சிரிங்க சார், பரவாயில்ல, இது எனக்கே சிரிப்பு வந்த விஷயம்.

நான் ஐ.டி.ஐ. ஃபிட்டர், தமிழ் மீடியம். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். கொரட்டூர் ஸ்டேஷன் பக்கத்துல ஒரு பிரவுசிங் சென்டர், அங்க மூலையில இருந்த ஒரு கம்ப்யூட்டர்ல அந்த சாஃப்ட்வேர் இருந்தது. பாலிடெக்னிக் பசங்க புராஜெக்ட் பண்ண வருவாங்க. காலையில பசங்க வர்றதுக்கு முன்னாடி நான் போய் உட்கார்ந்துக்குவேன்.

அந்தப் புத்தகம் எழுதின ஆளு போட்டோ பின் அட்டையில இருக்கும். கழுத்துல டை கட்டிக்கிட்டுச் சிரிப்பார். அந்த ஆளோட நான் போட்ட சண்டை கொஞ்சம் நஞ்சம் இல்ல. எடுத்ததுக்கெல்லாம் சிம்ப்ளின்னு ஒரு வார்த்தை போடுவார். சிம்ப்ளி கிளிக். சிம்ப்ளி டிராக். அகராதியில பார்த்தேன், சுலபமான்னு போட்டிருக்கு. யோவ், உனக்குப் பத்து விரல் இருக்கு, நீ சுலபம்னு எழுதுவ! கன்ட்ரோல் பட்டனை அமுக்கிக்கிட்டே மவுஸை இழுன்னு எழுதியிருக்கார். நான் மவுஸை இடது கைக்கு மாத்திக்கிட்டேன். இந்தக் கட்டை விரலைக் கன்ட்ரோல் மேல வச்சு அழுத்தினா, சுண்டு விரல் போய் வேற எதையாவது தட்டிடும். வரைஞ்சது மொத்தமும் காணாம போகும். திரும்பவும் முதல்லேருந்து.

இன்னொரு கொடுமை, புத்தகம் பழைய பதிப்பு, சாஃப்ட்வேர் புதுசு. மேல இடது பக்கம் இருக்கிற பட்டனை அமுக்குன்னு இவர் சொல்வார். ஸ்கிரீன்ல அந்த இடத்துல வேற யாரோ குடியிருப்பாங்க. வீடு மாத்திப் போனவனைத் தெருத்தெருவா தேடுற மாதிரி ஒவ்வொரு பட்டனையும் தேடுவேன். பக்கத்துல இருக்கிற பசங்களைக் கேட்டா சொல்லிடுவாங்க. கேட்க மாட்டேன். ஒருத்தன் தானாவே எட்டிப் பார்த்து, "அண்ணா, அது இப்போ ரைட் கிளிக்ல இருக்கு"ன்னான். எனக்குத் தெரியும் போன்னேன். அவன் போனதும் ரைட் கிளிக் பண்ணிப் பார்த்தேன். இருந்தது.

ஆனா சார், ஒரு விஷயம் அந்தப் புத்தகத்துல எனக்கு ரொம்பப் பிடிச்சது. கோடு போட்டா முதல்ல நீலமா இருக்கும். நீலம்னா அது இன்னும் லூஸ். மவுஸால பிடிச்சு இழுத்தா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஓடும். அது எவ்வளவு நீளம், எங்கே உட்காரணும்னு நாம ஒவ்வொரு அளவா குடுக்கக் குடுக்க, ஒரு கட்டத்துல கறுப்பா மாறிடும். மாறிடுச்சுன்னா அவ்வளவுதான், யார் இழுத்தாலும் நகராது. முதல் தடவை முழுப் படமும் கறுப்பா மாறினப்போ நான் சீட்டுலேருந்து எழுந்து நின்னுட்டேன். பசங்க எல்லாம் திரும்பிப் பார்த்தாங்க. பார்க்கட்டும்.

சுகுணா இதைப் பத்தி ஒரு நாள்கூடக் கேட்டதில்ல. அவ அப்போ ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில தையல் வேலைக்குப் போக ஆரம்பிச்சிருந்தா. காலையில எனக்கு டப்பாவுல சோறு கட்டி வச்சுட்டுப் போயிடுவா. இடது கையால சாப்பிட வசதியா காயெல்லாம் பொடியா நறுக்கி, கூட ஒரு ஸ்பூன் போட்டு வச்சிருப்பா. அவ்வளவுதான். மத்தபடி அக்கறையே கிடையாது.

புத்தகத்துல இருக்கிற பயிற்சி எல்லாம் முடிஞ்சதும் சொந்தமா எதையாவது வரையணும்னு தோணுச்சு. எனக்கு மனப்பாடமா தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். அந்த பிரஸ். கண்ணை மூடினா ஒவ்வொரு போல்ட்டும் தெரியும். அதையே வரைஞ்சேன். மேல் டை, கீழ் டை, பெடல், எல்லாம். ஸ்கிரீன்ல மேல் டையைப் பிடிச்சு மெதுவா இறக்குவேன், ஏத்துவேன். என் கையில இருந்தது சார். நான் சொன்னாதான் அது இறங்கும்.

அதைச் சுத்தி ஒரு கூண்டு போட்டேன். ஆள் கையை உள்ள விடவே வேணாம். வெளியில ஒரு தட்டு, அதுல தகட்டை வச்சு உள்ள தள்ளணும். தட்டு போற அளவுக்கு மட்டும் முன்னாடி ஒரு திறப்பு. அதைப் பிரிண்ட் எடுத்துச் சட்டைப் பையில மடிச்சு வச்சிருந்தேன். சட்டை துவைக்கும்போது சுகுணா அதைப் பார்த்துட்டா. விரிச்சு வச்சுக்கிட்டு அப்படியே வாசப்படியில உட்கார்ந்துட்டா.

"இது அந்த மெஷின்தானே?"ன்னா.

"ஆமா. நானே வரைஞ்சது"ன்னேன், பெருமையா.

"இத்தனை நாளா தினமும் இதைத்தான் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கியா? நீ இன்னும் அதுக்குள்ளயேதான்யா இருக்க"ன்னு அழ ஆரம்பிச்சுட்டா.

டிராயிங் படிக்கத் தெரியாதவங்க பார்த்தா அப்படித்தான் சார். கோடு கோடா நிறைய இருக்கும், புரியாது, பயந்துடுவாங்க. இது முன் பார்வை, இது பக்கவாட்டுப் பார்வைன்னு விளக்கிச் சொன்னேன். அழுகை அதிகமாதான் ஆச்சு.

பென் டிரைவ்ல எல்லாத்தையும் போட்டுக்கிட்டு நேரா கம்பெனிக்குப் போனேன். ஓனர்கிட்ட, "வாட்ச்மேன் வேலை வேணாம் சார். புத்தகம் பார்த்து கேட் கத்துக்கிட்டு, சொந்தமா ஒண்ணு வரைஞ்சிருக்கேன். என்னை டிசைன் ரூம்ல போடுங்க"ன்னேன். தணிகாசலம் சிரிச்சுட்டார். "ஏம்ப்பா, புத்தகம் படிச்சு நீச்சல் கத்துக்கிட்டு வந்திருக்கியா?"ன்னார். ஓனர் சிரிக்கல. டிசைன் ரூம்ல இருந்த பெனாசிர் மேடத்தைக் கூப்பிட்டு, "இவருக்கு என்ன தெரியும்னு பாரும்மா"ன்னார்.

அவங்க வாணியம்பாடிப் பொண்ணு. இன்ஜினியரிங் முடிச்சு ரெண்டு வருஷம் இருக்கும். ஒரு பார்ட்டைக் குடுத்து வரையச் சொன்னாங்க. வரைஞ்சேன். மெதுவாத்தான் வரைஞ்சேன், ஆனா ஒரு கோடுகூட நீலமா விடல. அப்புறம், "நீங்க சொந்தமா ஏதோ பண்ணியிருக்கீங்களாமே அண்ணா, காட்டுங்க"ன்னாங்க. கூண்டைத் திறந்து காட்டினேன். சுத்திச் சுத்திப் பார்த்தாங்க. திறப்புகிட்ட வந்ததும் நிறுத்தினாங்க.

"இந்த இடைவெளியை எதை வச்சுப் போட்டீங்க?"

"என் கையை வச்சுத்தான். இடது கை தடிமனை அளந்து, அதைவிடக் கம்மியா போட்டிருக்கேன். உள்ள போகாது."

அவங்க மேஜை மேல ரெண்டு ஃபைல் கட்டை வச்சாங்க, மேல ஒரு அட்டையைப் போட்டாங்க. ஸ்கேலால அளந்து என் இடைவெளியை அப்படியே அங்க உண்டாக்கினாங்க. அப்புறம் அவங்க கையை உள்ள விட்டாங்க. மணிக்கட்டு வரைக்கும் போயிடுச்சு சார். வளையல் வந்து தட்டித்தான் நின்னுச்சு.

"அந்த பிரஸ் வரிசையில பாதி மெஷினைப் பொம்பளைங்கதான் ஓட்டுறாங்க அண்ணா. அமுதாக்கா கை என் கையைவிடச் சின்னது"ன்னாங்க.

பின்னாடி தணிகாசலம் சிரிச்ச சத்தம் கேட்டுச்சு. எனக்குக் காது ரெண்டும் சூடாயிடுச்சு. பென் டிரைவைப் பிடுங்கிக்கிட்டு வெளிய வந்துட்டேன். தேங்க்ஸ் எல்லாம் சொல்லல. எதுக்குச் சொல்லணும்? நாலு நாள் போயிருந்தா நானே கண்டுபிடிச்சிருப்பேன்.

ஷிஃப்ட் விடுற நேரத்துக்குக் கம்பெனி கேட்டுக்கு எதிர்ல போய் நின்னுக்கிட்டேன், பேப்பர் பேனாவோட. வெளிய வர்ற பொம்பளைங்களை எல்லாம் கையை நீட்டச் சொன்னேன். ஒருத்தி கைரேகை பார்க்கிறியாண்ணா இப்போன்னு கேட்டா. இன்னொருத்தி அடிக்கவே வந்துட்டா. அமுதாதான் முதல்ல பேப்பர் மேல கையை வச்சா. பதினாறு வருஷமா பிரஸ் ஓட்டுறவ. விரலைச் சுத்தி நான் கோடு போடும்போது, "எனக்கு எல்லாம் இருக்கான்னு எண்ணிக்கோ"ன்னு சிரிச்சா. அப்புறம் அவளே மத்தவங்களை இழுத்துட்டு வந்தா. இருக்கிறதுலயே சின்னக் கை எதுவோ அது நுழையாத மாதிரி திறப்பை மாத்தினேன். தட்டையும் மெலிசாக்கினேன். திரும்பவும் போனேன். பெனாசிர் மேடம் பார்த்தாங்க, ஸ்கேலை எடுத்தாங்க, வச்சுட்டாங்க. "இப்போ சரி"ன்னாங்க.

டிசைன் ரூம்ல டிரெய்னியா எடுத்தாங்க. இந்த வயசுல டிரெய்னி. இருக்கட்டும்னு சேர்ந்தேன். ஒரே ஒரு மெஷினுக்கு, என் பழைய மெஷினுக்கு, கூண்டு செஞ்சு மாட்ட ஓனர் சரின்னார்.

மாட்டினாங்க. ஒரு வாரம்கூட ஓடலை சார். தணிகாசலம் கூண்டைக் கழட்டி மூலையில வச்சுட்டார். தட்டை இழுத்துத் தள்ளி இழுத்துத் தள்ளி புரொடக்‌ஷன் குறையுதாம். ஓட்டுற ஆளும், "அண்ணா, அது கைக்குத் தோதுப்படல"ங்கிறான். எனக்கு வந்ததே கோவம்! தோதுப்படலையா? விரலைவிடத் தோது பெருசாடான்னு அவனைக் கிழிச்சு எடுத்துட்டேன். சில பேருக்குச் சொன்னாப் புரியாது சார், என்ன பண்றது.

சொன்னாப் புரியாதவனுக்கு என்ன செய்யணுமோ அதைச் செஞ்சேன். டிராயிங்கை மாத்தினேன். கூண்டுலேருந்து ஒரு நாக்கு நீளும், அது ஒரு ஸ்விட்சுக்குள்ள போய் உட்காரும். உட்கார்ந்தாதான் மெஷினுக்குக் கரண்ட். கூண்டைக் கழட்டினா பிரஸ் செத்துப் போகும். எலக்ட்ரீஷியன்கிட்ட, ஓனர் ஓகேன்னு சொல்லி மாட்ட வச்சுட்டேன். ஓனர் ஓகே சொல்லியிருந்தார்தானே, கூண்டுக்கு. ஸ்விட்ச் கூண்டுலதான இருக்கு?

மறுநாள் தணிகாசலம் கூண்டைக் கழட்டிட்டுப் பெடலை மிதிக்கிறார், மிதிக்கிறார், அசையல. அவர் போட்ட சத்தம் டிசைன் ரூம் வரைக்கும் கேட்டுச்சு. ஓனர் தணிகாசலம், நான், பெனாசிர் மேடம் மூணு பேரையும் கூப்பிட்டார்.

"ஸ்விட்சை எடுத்துட்டு டிராயிங்கை மாத்துப்பா"ன்னார்.

"மாத்த மாட்டேன் சார்."

"என்கிட்ட வேலை பார்த்துக்கிட்டு மாத்த மாட்டேன்னு சொல்றியா? வாட்ச்மேன் போஸ்ட் இன்னும் காலியாத்தான் இருக்கு."

"அதுக்கும் போக மாட்டேன் சார். வெளிய போன்னு சொல்லுங்க, போறேன். இந்த டிராயிங்ல கையை வைக்க மாட்டேன்."

அப்போ பார்த்து பெனாசிர் மேடம், "சார், நானும் மாத்த மாட்டேன். வேற யாரையாவது வச்சுப் பண்ணிக்கோங்க"ன்னாங்க. எனக்கு ஒரு பக்கம் எரிச்சல். நல்லா போய்க்கிட்டிருந்த என் சண்டை, இந்தப் பொண்ணு எதுக்கு நடுவுல வருது? நானே பார்த்துக்கிட்டிருப்பேன். ஓனர் அவங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் தணிகாசலத்துக்கிட்ட, "சரி, ஒரு மாசம் ஓடட்டும். கணக்கைப் பார்த்துட்டுப் பேசலாம்"னார்.

நான் ஜெயிச்சுட்டேன்னு வீட்டுல வந்து சொன்னேன். சுகுணா வெங்காயம் நறுக்கிக்கிட்டிருந்தா. "ம்"னா. அவ்வளவுதான்.

அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு, மத்தியானம், கேட்டுலேருந்து போன். "உங்க வீட்டுக்காரம்மா வந்து நிக்கிறாங்க." நான் அரண்டுட்டேன். எனக்கு அடிபட்ட அன்னைக்கு அந்தக் கேட்டுல வந்து நின்னு கதறினவ, அதுக்கப்புறம் அந்தத் தெரு வழியாகூடப் போக மாட்டா. ஓடிப் போய் என்ன ஆச்சுன்னு கேட்டேன்.

"காட்டு"ன்னா.

"எதை?"

"அந்த மெஷினை."

வெளியாளுங்க உள்ள வரக் கூடாதுன்னு தணிகாசலம் குறுக்க வந்தார். அவரை அவ ஒரு பார்வைதான் பார்த்தா. அவர் ஒதுங்கிட்டார். நேரா மெஷின் முன்னாடி போய் நின்னா. எதுன்னு நான் சொல்லவே இல்ல, அவளுக்கே தெரிஞ்சிருந்தது. என் படத்தை அவ்வளவு நல்லா பார்த்திருக்கான்னு அப்பதான் தெரிஞ்சது.

"ஓட்டச் சொல்லு"ன்னா.

ஆபரேட்டர் ஓட்டினான். டமால், டமால்னு டை இறங்குது. ஒவ்வொரு அடிக்கும் அவ தோள் தூக்கிப் போடுது. ஆனா கண்ணை எடுக்கல. திடீர்னு வளையலை மேல தள்ளி விட்டுட்டு, ஓடிக்கிட்டிருக்கிற மெஷின் திறப்புல கையை வச்சு உள்ள தள்ளினா சார். லேசா இல்ல, தோளைக் குடுத்துத் தள்ளினா. விரல் நுனிகூட உள்ள போகல. கையைத் திருப்பி வச்சுத் தள்ளினா, பக்கவாட்டுல தள்ளினா. போகல.

எனக்குப் பயமெல்லாம் இல்ல. அளந்து போட்டது, போகாதுன்னு எனக்குத் தெரியாதா? நான் சுவரைப் பிடிச்சுக்கிட்டுத் தரையில உட்கார்ந்தது, மத்தியானம் இன்னும் சாப்பிடலை, அதனால. ஏதோ கத்தினேன்னு அமுதா சொல்றா. எனக்கு ஞாபகம் இல்ல.

சுகுணா கையை எடுத்து முந்தானையில துடைச்சுக்கிட்டா. என்னைத் தூக்கி விட்டா. கேட்டு வரைக்கும் ரெண்டு பேரும் நடந்தோம். இப்பவாவது ஒரு வார்த்தை பாராட்டுவான்னு பார்த்தேன். கேட்டுகிட்ட நின்னு, "பக்கத்துல ஒரு அக்கா ஓட்டிக்கிட்டிருந்தாங்களே, அந்த மெஷினுக்கு ஏன் கூண்டு இல்ல?"ன்னா.

"ஓனர் இன்னும் சரின்னு சொல்லல."

"நீ எதை அவரைக் கேட்டுக்கிட்டுப் பண்ணின?"ன்னு கேட்டுட்டு, தையல் கம்பெனிக்கு நேரமாச்சுன்னு விடுவிடுன்னு போயிட்டா. பாராட்டவே இல்ல சார்.

நான் டேப்பை எடுத்துக்கிட்டு அமுதா மெஷின்கிட்ட போய் அளக்க ஆரம்பிச்சேன். "யாரைக் கேட்டு அளக்கிற?"ன்னு பின்னாடி தணிகாசலம் கத்தினார். "டேப்பைக் கொஞ்சம் அந்தப் பக்கம் பிடிக்கா"ன்னு அமுதாகிட்ட சொன்னேன். அவ மெஷினை நிறுத்திட்டு வந்து பிடிச்சா.